கசடு கண்டு கொட்டிவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் பழைய ஒயின்களைப் பற்றி வெளியான கட்டுரையை முழுவதும் படித்தேன். பல வீடுகளில் பேசத் தயங்கும் ஒரு பொருளை ஒளிவுமறைவின்றி எழுதியதற்காகக் கட்டுரையாளரைப் பாராட்ட வேண்டும். ஆனால் போர்ட் ஒயினைப் பற்றி அதில் வந்த மூன்று செய்திகள் தவறானவை. பாட்டிலின் அடியில் கசடு தெரிந்தால் அது கெட்டுப்போனதன் அடையாளம் என்பது ஒன்று. எந்த ஒயினும் ஆண்டு ஏற ஏற மேன்மையடையும் என்பது இன்னொன்று. ஒருமுறை திறந்த பாட்டிலை இறுக மூடி வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும் என்பது மற்றொன்று. பின்னிரண்டையும் அவசரத்தில் நேர்ந்த பிழை என்று விட்டுவிடலாம். முதலாவது எங்கள் தெருவில் ஒரு பாட்டிலைக் காவு வாங்கிவிட்டது என்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் நண்பர், சிங்கப்பூரிலிருந்து தம்பி சில ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்து கொடுத்த ஒரு பாட்டிலைத் திறக்காமலே வைத்திருந்தார். கட்டுரையைப் படித்த அன்று மாலை அதை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்திருக்கிறார். அடியில் கறுப்பாக, குளத்துச் சேறு போல ஒரு படலம் நகர்ந்திருக்கிறது. பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீட்டில் கெட்டுப்போன சரக்கு எதற்கு என்று, தக்கையை உள்ளே தள்ளிவிட்டு, கொல்லையில் தென்னைமரத்துப் பாத்தியில் கவிழ்த்துவிட்டார். மறுநாள் காலை நடைப்பயிற்சியின்போது இதைச் சொன்னவர், வீட்டுக்கு அழைத்துச் சென்று காலிப் பாட்டிலையும் காட்டினார். விண்டேஜ் போர்ட், அதாவது ஒரே ஆண்டின் அறுவடையிலிருந்து செய்தது; ஆண்டு 1994. போர்ட் விளையும் போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் சென்ற நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வாய்த்த மிக நல்ல அறுவடைகளுள் அது ஒன்று. பாட்டிலின் கழுத்தில் மூக்கை வைத்துப் பார்த்தேன். அப்போதும் உலர்ந்த அத்திப்பழத்தின் மணம் போகாமல் இருந்தது. தென்னைக்கு ஏதும் ஆகிவிடுமா என்று கேட்டார். தென்னைக்கு ஒன்றும் ஆகாது என்றேன். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் காரைக்குடியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். குடிப்பழக்கம் உள்ளவன் அல்லன். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருடன் உட்கார்ந்து, சிறு கிண்ணத்தில் சில மிடறு என்ற அளவில் நின்றுகொள்பவன். குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை. மதுவால் குலைந்துபோன குடும்பங்களை என் மாணவர்களின் வீடுகளிலேயே பார்த்திருக்கிறேன். ஆயினும் ஒரு பொருளைப் பற்றி எழுதத் துணிந்தால் அதைச் சரியாக எழுத வேண்டும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த பிடிவாதம்.

முதலில், நம் பக்கத்தில் போர்ட் ஒயின் என்றதும் நினைவுக்கு வருவது வேறு சரக்கு. மலிவான, திகட்டும் இனிப்புள்ள சிவப்பு ஒயினை அந்தப் பெயரில் நம் நாட்டிலேயே செய்து விற்கிறார்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்கு உடம்பு தேறட்டும் என்று பர்மாவில் ஒரு கரண்டி போர்ட் கொடுப்பார்கள் என்று என் அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மையான போர்ட் என்பது போர்ச்சுகல் நாட்டின் வடபகுதியில், டோரோ ஆற்றங்கரையின் செங்குத்தான மலைச்சரிவுகளில் படிப்படியாகச் சுவர் கட்டி வளர்த்த திராட்சையிலிருந்து செய்வது. ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள போர்ட்டோ நகரத்தின் வழியாகக் கப்பலேறியதால் அந்தப் பெயர் வந்தது. எந்த நிலத்துத் திராட்சையைப் போர்ட் என்று விற்கலாம் என்பதற்கு 1756-ஆம் ஆண்டிலேயே அரசு எல்லை வகுத்து, பிறகு கருங்கல் தூண்களை நட்டு அதை உறுதிசெய்தது. நம் ஊர் எல்லைக்கல்லைப் போல அந்தக் கற்களில் சில இன்றும் நிற்கின்றன.

மற்ற ஒயினுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, நொதித்தலை நடுவழியில் நிறுத்திவிடுவதுதான். திராட்சையை மிதித்துச் சாறெடுத்த இரண்டு மூன்று நாட்களில், அதிலுள்ள சர்க்கரையில் ஏறத்தாழப் பாதி ஆல்கஹாலாக மாறியிருக்கும் தறுவாயில், 77 விழுக்காடு ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றுகிறார்கள். 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம் சேர்த்து 550 லிட்டர் பீப்பாய் ஒன்றை நிரப்புவது அங்கே பழைய கணக்கு. அவ்வளவு ஆல்கஹாலில் ஈஸ்ட் செயலற்றுவிடும். எஞ்சிய சர்க்கரை அப்படியே தங்கிவிடும். இறுதியில் கிடைப்பது சுமார் 20 விழுக்காடு ஆல்கஹாலும், லிட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரையும் கொண்ட ஒயின். கட்டுரையாளர் இதைப் பிராந்தி கலந்த ஒயின் என்கிறார். முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாம் பிராந்தி என்றதும் நினைக்கும், மரத்தில் ஊறி நிறமும் மணமும் ஏறிய பானம் அன்று அது. நிறமே இல்லாத சாராயம்.

இப்போது கசடுக்கு வருகிறேன். போர்ட்டில் பல வகை உண்டு. டானி என்னும் வகையைப் பத்து, இருபது ஆண்டுகள் மரப்பீப்பாயிலேயே வைத்திருப்பார்கள். படிய வேண்டியதெல்லாம் பீப்பாயிலேயே படிந்துவிடும். பாட்டிலுக்கு வரும்போது தெளிந்திருக்கும். விண்டேஜ் போர்ட் அப்படியன்று. பத்தாண்டுகளில் ஏறத்தாழ மூன்று முறை மட்டுமே, மிக நன்றாக விளைந்தது என்று நிறுவனங்கள் அறிவிக்கும் ஓராண்டின் அறுவடையிலிருந்து எடுத்து, இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் வடிகட்டாமல் பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். இளமையில் அது மையைப் போலக் கறுத்து, கடுக்காயைக் கடித்தது போல நாக்கைப் பிடிக்கும். பீப்பாயில் நடக்க வேண்டிய முதிர்ச்சி முழுவதும் அதற்குப் பாட்டிலுக்குள்தான், பெரும்பாலும் இருபது முதல் நாற்பது ஆண்டுகள் வரை, மெல்ல நடந்தாக வேண்டும்.

அந்த முதிர்ச்சியின்போது நடப்பது இதுதான். திராட்சைத் தோலிலிருந்து வந்த ஆந்தோசயனின் என்னும் நிறமியும், டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட சங்கிலிகளாகின்றன. சங்கிலி நீள நீளக் கரைதிறன் குறைகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் திரவத்தில் மிதக்க முடியாமல் அடியில் படிகின்றன. ஆந்தோசயனின் நமக்கு அன்னியமான பொருள் அன்று; செட்டிநாட்டுக் கல்யாண வீடுகளில் பரிமாறும் கவுனி அரிசிக்குக் கருஞ்சிவப்பைக் கொடுப்பது அதே இனத்து நிறமிதான். அந்தப் படிவுடன் டார்டாரிக் அமிலத்தின் உப்பும் கொஞ்சம் படிகமாகச் சேரும். டார்டாரிக் அமிலம் எது என்று கேட்டால், நம் வீட்டுப் புளியைப் புளிக்க வைப்பது அதுதான். ஆக, நண்பர் கண்டு அஞ்சிய அந்தக் கறுப்புச் சேற்றில் இருந்தவை நிறமும் துவர்ப்பும் கொஞ்சம் புளியுப்பும். துவர்ப்பு இப்படிக் கீழே இறங்குவதால்தான் மேலே நிற்கும் ஒயின் மென்மையடைகிறது. நாற்பது ஆண்டு ஆன விண்டேஜ் போர்ட்டில் படிவே இல்லையென்றால் நான் அதைத்தான் சந்தேகிப்பேன்.

அதற்காகக் கசடையும் சேர்த்துக் குடிக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அது கசக்கும், பல்லில் மணல் போல நறநறக்கும், நல்ல ஒயினின் தெளிவைக் கலக்கிவிடும். சென்னையில் ஒரு பெரிய விடுதியில் நடந்த விருந்துக்கு உறவினர் ஒருவர் தம் சொந்தப் பாட்டிலைக் கொண்டுபோயிருந்தார். பணியாளர் அதை மருந்துப் பாட்டிலைக் குலுக்குவது போலக் குலுக்கி, எல்லோருக்கும் சேற்றுநீர் பரிமாறினார். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் தெளியவைத்து இறுத்தல் என்று ஒரு பாடம் இருக்கிறது. அவ்வளவு தெரிந்தால் போதும். ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்குப் பாடப் புத்தகம்கூடத் தேவைப்படவில்லை. கலங்கல் தண்ணீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றான்கொட்டையை இழைத்துவிட்டு, இரவெல்லாம் அசைக்காமல் வைத்து, காலையில் மேலே தெளிந்ததை மட்டும் மொள்ளுவாள் அப்பத்தா. செம்பு அடியைத் தொட்டுவிட்டால் மறுபடி காத்திருக்க வேண்டும். தேறல் என்று மதுவுக்குத் தமிழில் ஒரு பழம்பெயர் இருக்கிறது. தேறுதல் என்றால் தெளிதல். கசடு நீங்கிய தெளிவைத்தான் பருக வேண்டும் என்பதை அந்தச் சொல்லே வைத்திருக்கிறது.

நான் திறந்த பாட்டிலைப் பற்றியும் சொல்கிறேன். எங்கள் திருமணம் 1985-ஆம் ஆண்டு நடந்தது. நாற்பதாண்டு நிறைவுக்காக, இலண்டனில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் அதே ஆண்டின் விண்டேஜ் போர்ட் ஒன்றை வாங்கிவந்தான். விமானப் பயணி ஒருவர் 2 லிட்டர் வரை தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்பதால் அதில் சிக்கல் இல்லை. நிறுவனத்தின் பெயரை எழுதினால் விளம்பரமாகிவிடும். 1985 பெரும்பாலான நிறுவனங்களும் விண்டேஜ் என்று அறிவித்த ஆண்டு, அதுவே போதும்.

ஐப்பசியில் வந்தவன் அன்றைக்கே திறக்க வேண்டும் என்று துடித்தான். பயணத்தில் குலுங்கிய பாட்டிலை உடனே திறந்தால் பயன் இல்லை என்று மறுத்துவிட்டேன். குளிர்சாதனப் பெட்டியில் காய்கறி வைக்கும் அடித்தட்டில், தக்கை ஈரம் காயாதிருக்கப் படுக்கைவாட்டில் வைத்தோம். முன்பெல்லாம் இந்தப் பாட்டில்களின் மேற்புறத்தில் ஒரு தீற்று வெள்ளையடித்து வைப்பார்களாம். இடம் மாற்றினாலும் அந்த வெள்ளைத் தீற்று மேலே இருக்குமாறு படுக்கவைத்தால், படிவு எப்போதும் ஒரே பக்கத்தில் ஒட்டிக் கெட்டிப்படும். சுண்ணாம்பைப் பூசி அடையாளம் வைப்பது நமக்குப் புதியதா என்ன? நான் பால்பாயிண்ட் பேனாவால் லேபிளின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டுக்கொண்டேன்.

தை மாதம் அவன் மறுபடி வந்தான். திறப்பதற்கு மூன்று நாள் முன்பு பாட்டிலை வெளியே எடுத்து நிமிர்த்தி, இரண்டாங்கட்டின் இருட்டு மூலையில் நிறுத்தினேன். ஒரு நாள் போதும் என்பார்கள். எனக்கு அவசரம் இல்லை. நடுமுற்றத்தைச் சுற்றிய வளவுக்குள் இதைக் கொண்டுவரக் கூடாது என்பது என் மனைவியின் கட்டளை. ஆகவே முகப்பில் ஒரு மேசையைப் போட்டோம். அரிவாள்மனை தவிர மற்ற எல்லாக் கருவிகளையும் அதன்மேல் பரப்பினோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நாற்பது ஆண்டு ஊறிய தக்கை சுலபமாக வராது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஆங்கிலேயர் இதற்கென்று ஓர் இடுக்கி வைத்திருக்கிறார்கள். அதன் வளைந்த வாயைத் தணலில் பழுக்கக் காய்ச்சி, பாட்டிலின் கழுத்தை ஒரு நிமிடம் கவ்விப் பிடித்து, எடுத்தவுடன் ஈரத்துணியால் அந்த இடத்தைத் தொட்டால், வெப்பத்தில் விரிந்த கண்ணாடி சட்டென்று சுருங்கி, தக்கையோடு கழுத்து வளையமாகத் துண்டாகிவிடும். ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களை இதே தத்துவத்தில் நான் பலமுறை வெட்டியிருக்கிறேன். “அம்மான், அடுப்படிக் கொறட்டைக் காய்ச்சிச் செஞ்சு பாத்துருவமா?” என்றான் மருமகன். எனக்கும் கை துறுதுறுத்தது உண்மை. உள்ளேயிருந்து வந்த ஒரு பார்வையில் அந்த யோசனை கைவிடப்பட்டது.

திருகித்தான் எடுத்தோம். மேல்பாதித் தக்கை ஒழுங்காக வந்தது. கீழ்ப்பாதி நனைந்த வெல்லம் போல உதிர்ந்து, ஒரு துண்டு உள்ளே விழுந்தது. இப்படி நேர்ந்தால் பதற வேண்டியதில்லை. வடிகட்டத் துணி வேண்டும், அவ்வளவுதான். என் பழைய மல் வேட்டியில் ஒரு முழம் கிழித்து, சோப்பு மணம் போக வெறும் நீரில் மூன்று முறை கொதிக்கவைத்துக் காயவைத்திருந்தேன். அதைக் கண்ணாடிப் புனலில் மடித்து வைத்து, ஆய்வக நாட்களின் நினைவாக என்னிடம் இருந்த ஒரு லிட்டர் கூம்புக் குடுவையின் மேல் நிறுத்தினேன். வேலைப்பாடுள்ள கண்ணாடிச் சாடி எதுவும் எங்களிடம் இல்லை. இருந்திருந்தாலும் அளவுக்கோடு போட்ட குடுவையைத்தான் எடுத்திருப்பேன்.

பாட்டில் கறுப்பாக இருப்பதால் உள்ளே எது தெளிவு, எது கசடு என்று தெரியாது. அதற்குத்தான் கழுத்துக்குக் கீழே ஒரு விளக்கு. காமாட்சி விளக்கை இதற்குத் தர முடியாது என்று வீட்டில் சொல்லிவிட்டதால் ஒரு மெழுகுவர்த்தி. இடக்கையால் புனலைப் பிடித்துக்கொண்டு, வலக்கையில் பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தேன். ஊற்றத் தொடங்கிய பிறகு நடுவில் நிமிர்த்தக் கூடாது. நிமிர்த்தினால் உள்ளே அலை எழுந்து படிவைக் கலக்கிவிடும். ஒரே சாய்ப்பில், நூல் போல, ஏறக்குறைய நான்கு நிமிடம். மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே கழுத்தின் வழியாக ஒயின் மாணிக்க நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பாட்டிலின் தோளில் ஒரு புகைக் கீற்று தோன்றியது. அது நீண்டு, கருநூலாகிக் கழுத்தை நோக்கி வந்தது. அங்கேயே நிறுத்திவிட்டேன். குடுவையில் 690 மில்லிலிட்டர். பாட்டிலில் மிஞ்சியது 60. நண்பரின் பாட்டிலிலும் கொட்ட வேண்டியது ஏறக்குறைய இவ்வளவாகத்தான் இருந்திருக்கும்.

வெள்ளைத் தாளின் மேல் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தபோது நடுவில் சிவப்பும், விளிம்பில் செங்கல் நிறமும் இருந்தன. ஆத்தங்குடித் தரைக்கல்லின் காவி, நாற்பதாண்டு நடந்து தேய்ந்த பிறகு எப்படியிருக்குமோ அப்படி. முதல் மணம் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஊர்த் திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் வீட்டின் கதவைத் தள்ளியதும் அடிக்குமே, அந்தப் பூட்டிக்கிடந்த வாடை. மருமகனின் முகம் வாடிவிட்டது. அரை மணி நேரம் பொறு என்றேன். காற்றுப் பட்டதும் அந்த வாடை விலகியது. முதலில் உலர்ந்த திராட்சை, அத்தி, பிறகு கிராம்பு, பிறகு கருப்பட்டிப் பாகு காயும்போது பதம் தாண்டும் முன் ஒரு நொடி வருமே, அந்த மணம். இரண்டு மணி நேரம் கழித்து, தேக்குப் பெட்டகத்தைத் திறந்தது போன்ற ஒரு மரவாசனையும் சேர்ந்துகொண்டது.

வாயில் வைத்தால் இனிப்பு முந்துகிறது. ஆனால் லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை என்று நாக்கு நம்பாது. புளிப்பும், இன்னும் கொஞ்சம் எஞ்சியிருக்கும் துவர்ப்பும் அதைத் தாங்கி நிற்கின்றன. சாராயத்தின் சூடு தொண்டையில் தெரிகிறது, எரிச்சல் இல்லை. வீட்டில் பல ஆண்டு காத்த உப்பு நார்த்தங்காயைச் சாப்பிட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்: உப்பு, புளிப்பு, கசப்பு என்று தனித்தனியே நின்றவை கறுத்து ஒன்றாகிவிட்ட ஒரு நிலை. விழுங்கி ஒரு நிமிடம் கழிந்தும் சுவை நாக்கை விட்டுப் போகவில்லை. ஆறு பேருக்கு ஆளுக்கு 50 மில்லிலிட்டர் ஊற்றினோம். ஒருவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. போதும் என்று தோன்றவைக்கும் பானம் அது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

ஆங்கிலேயர் இதனுடன் ஸ்டில்டன் என்னும் நீலப் பூசணப் பாலாடைக்கட்டியையும் வால்நட்டையும் சாப்பிடுவார்கள். எங்களிடம் இருந்தவற்றை வைத்துப் பார்த்தோம். கவுனி அரிசியின் இனிப்பு ஒயினை வெறும் புளிப்பாக்கிவிட்டது. அதிரசமும் அப்படியே. உப்புப் போட்டு வறுத்த முந்திரி பொருந்தியது. சீப்புச்சீடை அதைவிட நன்றாகப் பொருந்தியது. காரமான எதையும் பக்கத்தில் வைக்கவே கூடாது.

மிஞ்சியதை ஒரு சிறு பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி மூடிக் குளிரில் வைத்தேன். மறுநாள் மணம் கொஞ்சம் அடங்கியிருந்தாலும் சுவை குறையவில்லை. மூன்றாம் நாள் பழமணம் போய் இனிப்பும் சாராயத்தின் சூடும் மட்டும் நின்றன. நாற்பது ஆண்டுகள் காற்றுப் படாமல் இருந்த பொருள் காற்றை அதிக நாள் தாங்காது. மாதக்கணக்கில் வைக்கலாம் என்று தங்கள் கட்டுரை சொல்வது, பீப்பாயிலேயே காற்றுக்குப் பழகிப்போன டானி வகைக்கு வேண்டுமானால் ஓரளவு பொருந்தும். அதற்கும் சில வாரங்கள்தான்.

ஆண்டு ஏற ஏற மேன்மை என்ற கூற்றுக்கு என்னிடம் வேறொரு பாட்டில் பதிலாக இருந்தது. இரங்கூனில் கடை வைத்திருந்த எங்கள் ஐயா (தாத்தா), இரண்டாம் உலகப் போருக்கு முன் ஊருக்குக் கொண்டுவந்தது. 1948-இல் மதராஸ் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது பயந்துபோய்ப் பின்கட்டு அறையில் யாரோ ஒளித்துவைத்து, பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்பது அப்பச்சி (அப்பா) சொன்ன கதை. பாகப் பிரிவினைக்காக அறைகளை ஒழித்தபோது அகப்பட்டது. லேபிளை இராமபாணப் பூச்சி தின்று, போர்ட் என்ற சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக நிமிர்ந்தே நின்றதால் தக்கை காய்ந்து சுருங்கி, ஒயின் பாட்டிலின் தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது. எங்கள் வீட்டின் சுண்ணாம்புச் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சித்திரை வெயில் அந்த அறையை விட்டுவைக்காது. போர்ட்டைப் பத்திரப்படுத்துவதற்கு 12, 13 டிகிரி வெப்பநிலை வேண்டும். அந்த அறை ஆண்டில் பாதி நாள் 35 டிகிரியில் இருந்திருக்கும். திறந்து ஊற்றியபோது நீர்த்த காப்பியின் நிறம். வார்னிஷும் காடியும் கலந்த வாடை. வேடிக்கை என்னவென்றால் அதில் கசடு அதிகம் இல்லை, தெளிவாகத்தான் இருந்தது. தெளிவாக இருந்தும் கெட்டுப்போயிருந்தது.

எனவே தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுப் பெட்டகத்தில் கிடக்கும் பாட்டிலுக்கு இலட்சக்கணக்கில் விலை கிடைக்கும் என்று நம்பும் நம் வட்டாரத்து வீட்டுக்காரர்கள், முதலில் ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்கட்டும். தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் விற்பவர்களிடம் காலிப் பாட்டிலுக்கு என்ன கிடைக்குமோ அதுதான் கிடைக்கும். கழுத்து வரை நிறைந்து, தக்கை கசியாமல், படுக்கவைத்து, குளிர்ச்சியில் இருந்த பாட்டில் என்றால் அது வேறு கதை. அடியில் கறுப்பாக எதுவும் நகர்ந்தால் அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

இதை அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு சிறு திருத்தமாகவாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முழுக் கடிதத்துக்கும் இடம் இல்லையென்றால் கசடைப் பற்றிய பகுதி மட்டும் போதும். நண்பரின் தம்பி சித்திரையில் சிங்கப்பூரிலிருந்து வருகிறார். பாட்டில் எங்கே என்று கேட்பார். அப்போது காட்டுவதற்குத் தங்கள் பத்திரிகையில் அச்சான நான்கு வரியாவது தம் கையில் இருக்க வேண்டும் என்று நண்பர் விரும்புகிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
காரைக்குடி.